நாலாவது போல்ட்

மூன்று போல்ட்டுகள் கழன்று என் சட்டைப் பையில் கிடந்தன. நாலாவது வரமாட்டேன் என்றது. அப்போது சனிக்கிழமை பகல் பதினோரு மணி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஃபூசி அத்தை கடலுக்கு அந்தப் பக்கம், பாங்காய் ஊர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு ஞாயிறு.

அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். இடதில் அதுவும் ஒழுங்காகத் தெரியாது. ஒரு காலத்தில் அத்தை நெய்த பாயை விரித்தால் கல்யாண வீட்டில் பேச்சு நின்றுவிடும். இப்போது தாழையோலைக் கீற்றைக் கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிடுகிறாள். பாங்காய்க்கு வெளிநாட்டுக் கண் டாக்டர்கள் வந்திருந்தார்கள். திங்களன்று அத்தைக்கு அறுவை சிகிச்சை. செவ்வாய் காலை கட்டைப் பிரித்துவிட்டு அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். போன தடவை வந்து நாலு வருடம் ஆகிறது. அடுத்த தடவை எப்போது என்று கேட்டதற்கு எங்கள் தீவு நர்ஸ் வானத்தைப் பார்த்தாள்.

பாங்காய் வரைக்கும் அந்தக் கடலைத் தாண்டக்கூடிய படகு எங்கள் தீவில் ஒன்றுதான். அது என் தம்பி சொசேஃபோவுடையது. கப்பல் புதன்கிழமைதான் வரும்.

வெள்ளிக்கிழமை மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது அவன் மோட்டார் சூடேறிக் கத்த ஆரம்பித்தது. மோட்டாரின் பக்கத்தில் பீய்ச்சி அடிக்க வேண்டிய தண்ணீர் வரவில்லை என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடல்தண்ணீரை உறிஞ்சி மோட்டாரைக் குளிர்விக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்து செத்திருக்கிறது. புதுச் சக்கரம் என் பெட்டியிலேயே இருந்தது. ஆக்லாந்தில் லாரிப் பட்டறையில் பதினாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். மற்ற பெண்கள் அங்கிருந்து போர்வையும் சோப்பும் கொண்டுவருவார்கள், நான் உதிரி பாகங்கள் கொண்டுவந்தேன். மோட்டாரின் கீழ்ப்பெட்டியைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி கையோடு வரும். சக்கரத்தை மாற்ற இருபது நிமிடம்.

அந்த நாலாவது போல்ட் எஃகு, பெட்டி அலுமினியம், நடுவில் ஆறு வருட உப்பு. என் தம்பி ஒரு நாளாவது மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. ஆனால் குடிக்கிற மழைத்தொட்டித் தண்ணீரை மோட்டாருக்கு ஊற்றுகிறவனை எங்கள் தீவில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அதற்கு மேல், போன வருடம் தேவாலயத்தின் நூறாண்டு விழாவுக்குப் படகுகளெல்லாம் அழகாக நிற்க வேண்டும் என்று போதகர் சொன்னதும், இந்தப் புண்ணியவான் மோட்டாருக்கு மேலிருந்து கீழ்வரை நீலப் பெயிண்டு அடித்தான். போல்ட் தலையையும் விடவில்லை. உள்ளே உப்பு, மேலே சீல். கடவுளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அவன் ஸ்பேனரோடு ஆளுயர இரும்புக் குழாயைக் கோத்து நின்றபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் நேராக அவனிடம் சொல்ல முடியாது.

எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு முப்பத்தாறு. அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, எங்கள் வழக்கப்படி, பையன்கள் தனியாகத் தூங்கும் குடிசைக்குப் போனான். அன்றிலிருந்து நாங்கள் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அக்கா உள்ளே இருந்தால் தம்பி வாசலோடு நிற்பான். அவசியத்துக்கு இரண்டு வார்த்தை, அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு; மற்றதெல்லாம் யாராவது நடுவில் நின்று கொண்டுபோக வேண்டும். தலைநகரத்தில் இதெல்லாம் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் அப்பா வளர்த்த வீட்டில் தளரவில்லை. நான் இருக்கும் இடத்தில் அவன் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசக்கூடாது. துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டும் ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முகம் சிவந்து, வாயை இறுக்கிக்கொண்டு நின்றான்.

நடுவில் ஈரப்பலா மரத்தடியில் பாய் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா. அவள் சொல்லுக்கு எங்கள் இரண்டு பேரிடமும் மறுபேச்சு கிடையாது.

“அத்தை, அக்காகிட்ட சொல்லுங்க. இந்தக் குழாயைப் போட்டு ஒரே ஒரு இழுப்பு. வந்துடும்,” என்றான்.

அத்தை என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஆறடிதான் இருக்கும். “உன் தம்பி ஒரே இழுப்புல உடைக்கப் போறானாம்டி.”

“உடைக்கப் போறேன்னு நான் சொல்லல அத்தை!”

“எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.”

“தம்பிகிட்ட சொல்லுங்க அத்தை,” என்றேன். “குழாயை வச்சு இழுத்தா போல்ட் வராது, அதோட தலை மட்டும் வரும். உடம்பு உள்ளயே நிக்கும். அதைத் துளை போட்டு எடுக்க மெஷினும் இல்ல, கரண்டும் இல்ல. பெட்டியும் இறங்காது. அவ்வளவுதான், படகைக் கவுத்துப் போட்டுக் கோழி அடைக்கலாம்.”

“என்னடா கேட்டுச்சா? குழாயைத் தொட்டா உன் மண்டைதான் முதல்ல கழண்டு வருமாம். கோழி வளக்கப் போன்னு சொல்றா.”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொசேஃபோ குழாயை மணலில் போட்டான். அக்கா வேண்டாம் என்றால் தம்பி மேலே போக முடியாது. அதுவும் எங்கள் வழக்கம்தான். அவன் பின்னால் நகர்ந்ததும் நான் மோட்டாரிடம் போனேன்.

நான் கழற்றிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆக்லாந்தில் ஆட்டுச் சந்தை லாரிகளின் அடியில் படுத்து, எருவும் உப்பும் தின்ற போல்ட்டுகளோடு வாழ்ந்தவள் நான். போல்ட்டுக்கு வேண்டியது சூடு, எண்ணெய், தட்டு, நேரம். இதில் நேரம்தான் யாருக்கும் கொடுக்க மனசு வராதது.

முதலில் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன். தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி. நல்லது, எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்து எண்ணெய். கியர் எண்ணெயும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பாதிக்குப் பாதி கலந்தால் போதும், கடையில் விற்கும் எந்த டப்பாவும் அதற்கு ஈடாகாது. கியர் எண்ணெய் இருந்தது. நகப்பூச்சு அழிப்பானுக்கு எங்கே போவது? எங்கள் போதகருக்கு நகப்பூச்சு என்றாலே ஆகாது, வருடத்துக்கு ஒரு பிரசங்கம் அதற்கென்றே வைத்திருக்கிறார். வீடு வீடாகக் கேட்டேன். “ஐயோ, அதெல்லாம் எங்க வீட்டுல எதுக்கு?” என்று ஒவ்வொருத்தியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அரைமணி கழித்து ஒரு சின்னப் பெண் துண்டில் சுற்றிய புட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடினாள். துண்டில் போதகர் வீட்டு அம்மாவின் பெயர் எம்பிராய்டரி போட்டிருந்தது.

கொதிநீரைத் துணியில் நனைத்து அலுமினியத்தைச் சுற்றினேன். சூடேறியதும் துணியை எடுத்து எண்ணெய் விட்டேன். சிறிய சுத்தியலால் தலையில் தட்டினேன், ஓங்கி இல்லை, கதவைத் தட்டுவது மாதிரி. பிறகு போல்ட் தலையை முழுதாகக் கவ்வும் பெட்டி ஸ்பேனரை மாட்டி வலப்பக்கம் திருப்பினேன்.

“அவ இறுக்குறாப்பா!” என்று ஒருவன் கத்தினான்.

“அத்தை, அக்கா இறுக்குறாங்க,” என்றான் சொசேஃபோ.

“ஏண்டி, இறுக்குறியாமே?”

“ஆமா அத்தை. ஒரு மயிரிழை உள்ள போனாத்தான் ஒரு மயிரிழை வெளிய வரும். பூட்டு எந்தப் பக்கம் உடைஞ்சா என்ன?”

வெந்நீர், எண்ணெய், தட்டு, திருப்பு. மறுபடி வெந்நீர். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்பேனர் என் கையில் லேசாக மூச்சு விட்டது. நூலளவு, அதுவும் இறுகும் பக்கம். வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது போதும். கையைத் துடைத்துக்கொண்டு, எண்ணெயில் ஊறிய துணியைப் போல்ட்டைச் சுற்றிக் கட்டினேன்.

“இன்னிக்கு இவ்வளவுதான் அத்தை. ஊறட்டும். திங்கக்கிழமை விடியக்காலை வந்துடும்.”

சொசேஃபோ இரண்டடி முன்னால் வந்தான். “அத்தை, அக்காகிட்ட கேளுங்க. நாளைக்கு முழுக்கக் கையே வைக்க முடியாது. திங்கக்கிழமை வரலைன்னா?”

“வரும்,” என்றேன், அத்தை கேட்பதற்கு முன்பே.

“வரலைன்னா அத்தையோட கண்ணு?”

இதை அத்தை என்னிடம் கொண்டுவரவில்லை. கேட்காத மாதிரி பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆண்களும் சிரிக்கவில்லை. மோட்டாரைத் தூக்கித் தகரப் படகுக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு எல்லாரும் கலைந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் யாரும் வேலை செய்யக்கூடாது, சட்டமே அப்படி. எனக்கு அது வரமாகத்தான் பட்டது. பகலில் வெயில் தகரக் கூரை வழியாக மோட்டாரைச் சுட வைக்கும், அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும், எண்ணெய் ஒரு படி உள்ளே இறங்கும். பட்டறையில் முதலாளி கத்துவான், அவசரப்பட்டு நான் உடைத்த போல்ட்டுகள் ஏராளம். இங்கே சட்டமே காத்திரு என்கிறது.

காலை ஆராதனைக்கு, மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயைக் கட்டிக்கொண்டு போனோம். மதியம் மண்ணுக்குள் புதைத்து மூடிய அடுப்பைத் திறந்து, தேங்காய்ப்பாலில் வெந்த இலைப்பொட்டலங்களையும் வள்ளிக்கிழங்கையும் சாப்பிட்டு, ஊரே தூங்கப் போனது. நான் சின்ன எண்ணெய்ப் புட்டியோடு படகுக் கொட்டகைக்குப் போனேன். நாலு சொட்டு எண்ணெய் விடுவது வேலையா இல்லையா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சொட்டு விட்டுவிட்டுக் கிளம்பப் பார்க்கிறேன், மணலில் காலடிச் சத்தம். தகர இடுக்கு வழியாகப் பார்த்தால் என் தம்பி. ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் பாய். பாய்க்குள்ளிருந்து இரும்புக் குழாய் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை மணிநேரம் நான் கெஞ்சிக் கொஞ்சி வைத்ததை ஒரே இழுப்பில் முறிக்க வருகிறான். எழுந்து போய்க் கத்தலாம் என்று நினைத்தேன். பிறகு அதற்குத் தேவையே இல்லை என்று தோன்றியது. கொட்டகைக்கு ஒரே வாசல். உள்ளே நான் இருக்கிறேன். மோட்டாருக்கு முன்னால், வாசலுக்கு நேரே, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அவன் வாசலுக்கு வந்தான், என்னைப் பார்த்தான், சூடுபட்டவன் மாதிரி பின்வாங்கினான். கொண்டுபோய்ச் சொல்ல நடுவில் யாரும் இல்லை. வெளியே இருமினான். நான் ஒரு துதிப்பாட்டை முணுமுணுத்தேன். ஐந்து சரணம் உள்ள பாட்டாகப் பார்த்து எடுத்தேன். நான் போய்விட்டேனா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் நிழல் வாசலில் எட்டிப் பார்த்தது.

ஒரு மணிநேரம் போனது. பிறகு தகரச் சுவரில் ஏதோ சாயும் சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து மணலில் உட்கார்ந்திருந்தான். குழாய் மடியில் கிடந்தது. இரண்டு கையையும் கோத்து நெற்றியில் வைத்து, “அத்தை கண்ணு, அத்தை கண்ணு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் திமிரில் வரவில்லை. பயந்துபோய் வந்திருக்கிறான். பெயிண்டு அடித்தது அவன், கழுவாமல் விட்டது அவன். அத்தைக்குக் கண் போனால் அது தன் கையால் போனது என்று நினைக்கிறான். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அவன் தலையில் வைக்க வேண்டும் போல இருந்தது. தகரத்தின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், மாலை ஆராதனை மணி அடிக்கும் வரை அப்படியே இருந்தோம்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் அடுப்பை மூட்டிவிட்டேன். அத்தை நல்ல உடை உடுத்தி, பையை மடியில் வைத்து, மரத்தடியில் தயாராக இருந்தாள். சொசேஃபோ மோட்டாரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துவைத்துவிட்டுத் தள்ளி நின்றான். கடற்கரையில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஆளில்லை.

துணியைப் பிரித்தேன். எண்ணெய் பழுப்பாக மாறியிருந்தது, துரு கரைந்து வந்திருக்கிறது. சுடுதண்ணீர் வைத்து, பெட்டி ஸ்பேனரை மாட்டிக் கைப்பிடியை அழுத்தினேன். அசையவில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். இந்தக் கட்டத்தில் இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் கைப்பிடியை விடாமல் அழுத்த, அதே நேரத்தில் இன்னொருத்தர் ஸ்பேனரின் பின்புறம் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடி விழும் நொடியில்தான் மரை பிடியை விடும். கைப்பிடியைப் பிடிக்க அதன் பேச்சு புரிந்த கை வேண்டும், அது என் கை. அடிக்கிறவனோ என் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி அடிக்க வேண்டும். மூச்சுக் காற்று படும் தூரம்.

“அத்தை, அடிக்கிறதுக்கு யாரையாவது எழுப்பிட்டு வரச் சொல்லுங்க,” என்றேன்.

“யாரை? நேத்து ஆராதனைக்கு முன்னாடியும் பின்னாடியும் கவா வேர்ச்சாறு குடிச்சுக் கிறங்கிக் கிடக்குறவங்களையா? உன் விரலை நசுக்கிடுவானுங்க. இவன் நேத்துக் குடிக்கல.” அத்தை குரலை உயர்த்தினாள். “சொசேஃபோ! சுத்தியலை எடு. அக்கா பக்கத்துல போ.”

அவன் நகரவில்லை. “அத்தை, அது எப்படி...”

“எப்படின்னு என்கிட்ட கேக்குறியா? உங்கப்பனை இடுப்புல தூக்கி வளத்தவ நான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வாயா இருந்து வாயா இருந்து எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இன்னிக்கு நான் ஊமை. நீங்களே பேசிக்கோங்க.” பையை அணைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவன் வந்தான். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, ஏதோ தேவாலயத்துக்குள் நுழைகிறவன் மாதிரி வந்து என் எதிரில் மண்டியிட்டான். நரைத்த மீசை முடி ஒன்று எனக்குத் தெரிந்தது. என் தம்பிக்கு மீசை நரைத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

“நான் அழுத்துவேன். ‘இப்போ’ன்னா அடி. நேரா, குட்டையா,” என்றேன், ஸ்பேனரைப் பார்த்தபடி.

“சரிக்கா.”

“இப்போ.”

அடித்தான். நல்ல கை. ஆணியடிக்கிற கை இல்லை, கணக்குத் தெரிந்த கை. “இப்போ. இப்போ. இப்போ.” ஏழாவது அடியில் கீச்சென்று ஒரு சத்தம். எட்டாவதில் கைப்பிடி என் உள்ளங்கையில் கால் அங்குலம் கீழே இறங்கியது.

“வருது!” என்று கத்தினான். “அக்கா, வருதுக்கா! இழுங்க!”

“இழுக்கக்கூடாது, அவசரப்படாதே. பின்னாடி போறேன் பாரு. எண்ணெய் விடு. ம். இப்போ அடி.” கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. வெள்ளைப் பொடி எண்ணெயில் குழைந்து மாவு மாதிரி வெளியே வந்தது. அவன் துடைத்தான், நான் திருப்பினேன். ஆறே காலுக்கு நாலாவது போல்ட் முழுதாக, தலையோடு, மரையோடு, என் கையில் விழுந்தது. சொசேஃபோ அதைப் பிடுங்கிக் கடலில் எறியக் கையை ஓங்கினான். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். “முட்டாள், அதைத் திரும்பப் போடணும்!” இருபத்திநாலு வருடத்துக்குப் பிறகு என் தம்பியை நான் தொட்டது அப்படித்தான். அவனும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

புதுச் சக்கரத்தை மாட்டி, நாலு போல்ட்டுக்கும் கெட்டியாகக் கிரீஸ் தடவிப் பூட்டினேன். ஏழு மணிக்கு மோட்டார் உறுமியது, பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒன்பதே முக்காலுக்கு அத்தையை மருத்துவமனைப் படியில் ஏற்றினோம்.

செவ்வாய்க்கிழமை பகல் திரும்பினோம். அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டு நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். வலது கண் திறந்திருந்தது. வழியெல்லாம் எல்லாவற்றையும் தின்பவள் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்து, “எப்போடி இப்படி நரைச்சுது?” என்றாள். அவனைப் பார்த்து, “தொப்பையை யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே,” என்றாள்.

சொசேஃபோ பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தான். புதுச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் மோட்டாருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாதிக் கடலில் அவன் மறந்துபோய் நேராக என்னிடம், “சூடு எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டுவிட்டான். இரண்டு பேரும் சட்டென்று அத்தையைப் பார்த்தோம். அந்தக் கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலையைத் தொங்கப் போட்டான். நான் எழுந்து முன்பக்கம் போகப் படகின் விளிம்பைப் பிடித்தேன்.

“எங்க போறே? உக்காரு. மோட்டாரை யார் பாக்குறது?” என்றாள் அத்தை. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பலகையில் மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “கடலைப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. ஊர் வர்ற வரைக்கும் நான் அதைத்தான் பாக்கப்போறேன். யாரும் என்னைக் கூப்பிடாதீங்க.”

இன்னும் ஒரு மணிநேரக் கடல் இருந்தது. நான் மோட்டார்மேல் கையை வைத்துச் சூடு பார்த்தேன். பிறகு சொசேஃபோ, சுக்கானைப் பார்த்துக்கொண்டே, “நீங்க ஆக்லாந்து போன அன்னிக்கு நான் துறைக்கு வரலைன்னு நினைச்சிருப்பீங்க,” என்றான்.

“ஆமா. வரல.”

“வந்தேன். கொப்பரை மூட்டைக்குப் பின்னாடி நின்னேன். கப்பல் கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னேன்.”

அந்தத் துறையில் நான் எத்தனை தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்று அவனிடம் சொன்னேன். சொல்லும்போது நன்றாகச் சத்தமாகவே அழுதுவிட்டேன். அத்தைக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவள் திரும்பவில்லை.